வேண்டாம் என்பதற்கு முன்னால் ஒரு வாரம்

கேள்வி:

எனக்கு 43 வயது. 18 வருடங்களாக ஒலிப்பதிவுக் கூடத்தில் மிக்ஸிங், அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளை அளவாகக் கலந்து சேர்க்கும் வேலை பார்த்தேன். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது காது அடைத்த மாதிரி இருந்தது. அழுக்குதான் அடைத்திருக்கும் என்று நினைத்துப் பத்து நாள் விட்டுவிட்டேன். பிறகு மருத்துவரிடம் போய் மாத்திரை, ஊசி எல்லாம் ஆயிற்று. காது திரும்பவில்லை, இனித் திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் ஓயாத ஓர் இரைச்சல் மட்டும்தான். ஒரு பக்கம் மட்டும் கேட்கிறவன், இடது வலது என்று ஒலியைப் பிரித்து வைக்கிற ஸ்டீரியோவில் கை வைக்கக் கூடாது என்று வேலையை நானே விட்டுவிட்டேன்.

தினமும் காலையில் ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பார்க்கிறேன், பைத்தியக்காரன் மாதிரி. இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து மோனோவில் எதையும் கேட்க மனம் ஒப்பவில்லை. 'எல்லாம் நன்மைக்கே, புதிதாக ஏதாவது செய்' என்கிறார்கள். ஒரு பயிற்சி நிலையத்தில் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலை ஒன்றும் வந்தது. இரண்டுக்கும் போனை வைப்பதற்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. முன்பு என்னிடம் உதவியாளனாக இருந்த பையன் வேறு, தான் பதிவு செய்ததை அனுப்பி 'அண்ணா, இதில் என்ன தப்பு' என்று கேட்டு எரிச்சலூட்டுகிறான். போன வாரம் முக்கால் மணி நேரம் அவனோடு போயிற்று. வெறும் சுவரை ஒட்டி மைக்கை வைத்திருக்கிறான், கேட்ட உடனே தெரிந்தது.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று படித்தேன். நான் இரண்டாவதான கோபத்திலேயே நிற்கிறேன். இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எதிலும் பிடிப்பில்லை. மனைவி பேசுவது பாதி காதில் விழுவதில்லை, நான் முகம் கொடுக்கவில்லை என்று அவள் நினைக்கிறாள். புதிய வாய்ப்புகளுக்கு மனதைத் திறந்து வைத்துக்கொள்வது எப்படி? இப்படி உங்களுக்கு எழுதுவதை வீட்டில் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஹெட்போனைத் திருப்பி மாட்டுகிற வரி வந்ததும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இடது பக்கத்தை வலது காதில் வைத்தால் சத்தம் கேட்கிறது, ஆகவே ஹெட்போனில் கோளாறு இல்லை. சரியாக மாட்டினால் இடது பக்கம் ஒன்றுமில்லை. 18 வருடமாக ஏதாவது ஒரு கருவி மக்கர் செய்தபோதெல்லாம் நீங்கள் செய்து வந்த சோதனைதானே இது? ஒயரை மாற்றிப் பார், பக்கத்தை மாற்றிப் பார், கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடி. எட்டு மாதத்தில் இருநூறு தடவைக்கு மேல் அதே சோதனை, அதே விடை. மறுநாள் காலையில் கை மறுபடி தானாகப் போகிறது.

இது பைத்தியக்காரத்தனம் இல்லை. மருத்துவர் சொன்னது மூளைக்குப் புரிந்துவிட்டது, கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். காது பத்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகியிருந்தால் நீங்களும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருப்பீர்கள். வேலையைப் பங்கு பிரித்திருப்பீர்கள், யாரையாவது பழக்கிவிட்டிருப்பீர்கள். உங்களுக்குக் கிடைத்ததோ ஒரே இரவு. அதற்கு எட்டு மாதம் என்பது அப்படியொன்றும் நீண்ட காலமில்லை.

முதலில் அந்தப் பத்து நாளைப் பேசிவிடலாம். நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனாலும், மூன்று மணிக்கு விழித்துப் படுத்திருக்கும்போது மனம் அங்கேதான் சுற்றும் என்று நினைக்கிறேன். நான் காது மருத்துவர் இல்லை. இதே நிலையில் வந்தவர்களுக்காகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மூன்று நாளுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், உட்காதோ அதன் நரம்போ பாதிக்கப்பட்டுக் கேட்காமல் போவதைத் திடீர்க் கேளாமை என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். பத்தில் ஒன்பது பேருக்கு ஏன் வந்தது என்றே தெரிவதில்லை. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நீங்கள் போனது பத்தாம் நாள், அந்த இரண்டு வாரத்துக்குள்தான். அன்றைக்கே ஓடியும் திரும்பாதவர்கள் உண்டு, மருந்தே இல்லாமல் தானாகத் திரும்பியவர்களும் உண்டு. 'அப்போதே போயிருந்தால்' என்ற கேள்விக்கு உங்களிடமும் விடை இல்லை, மருத்துவரிடமும் இல்லை. ஆனால் நீங்கள் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள்.

(இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். வெறும் அழுக்கு என்றால் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார், நஷ்டம் ஒன்றுமில்லை.)

அப்புறம் அந்த 'எல்லாம் நன்மைக்கே'. சொல்கிறவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்க்க அவர்களுக்குத் தாங்கவில்லை, வாயில் வந்ததைச் சொல்லி அந்த மௌனத்தை அடைக்கிறார்கள். அதற்காக நீங்கள் தலையாட்ட வேண்டியதுமில்லை. உங்கள் காது போனதில் எந்த நன்மையும் இல்லை. பின்னால் நல்லது நடந்தால், காது போன பிறகும் நீங்கள் கிளம்பிப் போய் எதையோ செய்தீர்கள் என்பதால் நடந்ததாக இருக்கும். அதன் பெருமையைக் காதுக்குக் கொடுக்காதீர்கள்.

இந்த விஷயத்தில் நானும் தப்புச் செய்தவன்தான். ஆலோசனைத் தொழிலுக்கு வந்த புதிதில், ஆராய்ச்சிப் படிப்பு நான்காம் வருடத்தில் நின்றுபோன ஒரு பெண் வந்தார். வழிகாட்டி இறந்துபோய், ஆய்வகத்தையும் மூடிவிட்டார்கள். நான் முதல் சந்திப்பிலேயே ஒரு தாளை எடுத்து, அவருக்கு இருக்கக்கூடிய ஏழெட்டு வழிகளை வரிசையாக எழுதிக் கொடுத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். மறுமுறை வரவில்லை. ஒரு வருடம் கழித்து வேறெங்கோ பார்த்தபோது அவரே சொன்னார்: "அன்றைக்கு நீங்கள் எலிகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." நான்கு வருடம் அவர் கையால் தீனி போட்டு வளர்த்த ஆய்வக எலிகள். மூடியபோது அவற்றை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை.

அதனால் உங்களிடம் வழிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கடைசியாக முடித்துக் கொடுத்த வேலை எது? அதுதான் கடைசி என்று தெரியாமல்தான் முடித்திருப்பீர்கள். கூடத்தை விட்டு எப்படி வந்தீர்கள்? 'நானே விட்டுவிட்டேன்' என்று எழுதியிருக்கிற தோரணையைப் பார்த்தால், போனில் இரண்டு வரி சொல்லிவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை என்று படுகிறது. ஓய்வு பெறுகிறவருக்குக்கூட ஒரு கடைசி நாள் உண்டு, நான்கு பேர் கூடி நல்ல வார்த்தை சொல்வார்கள். உங்கள் 18 வருடத்துக்கு அப்படி ஒரு மாலைப்பொழுது கிடைக்கவில்லை. ஒரு நாள் போய் வாருங்கள். கூட வேலை பார்த்தவர்களிடம் நடந்ததை உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்தக் கடைசி வேலையை ஒரு தடவை முழுக்கப் போட்டுக் கேளுங்கள். மோனோ பட்டனை அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒரே காதில் வந்துவிடும், இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்றையொன்று விழுங்குகிற ஒலிகளைப் பிடிக்க மிக்ஸிங் செய்கிறவர்கள் எல்லோரும் நடுநடுவே அழுத்துகிற பட்டன்தானே அது. உங்களுக்கு மட்டும் இப்போது தோல்வியை ஒத்துக்கொள்கிற பட்டனாகிவிட்டது. அழுகை வந்தால் வரட்டும். அந்தப் பட்டனை இன்றைக்கே அழுத்த வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

ஐந்து கட்டங்கள் பற்றி: அவற்றை 1969-இல் எழுதியவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர். சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி, அவர்களிடம் பார்த்ததை வைத்து எழுதினார். பிறகு அதை எல்லா இழப்புக்கும் ஒட்டவைத்துவிட்டார்கள், ஏதோ பள்ளியில் ஒவ்வொரு வகுப்பாகத் தேறி மேலே போகிற மாதிரி. நீங்கள் கோபத்தில் 'ஃபெயில்' ஆகவில்லை. எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுவது, நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்னது. இழந்தவர்கள் இரண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரிப் போய் வருகிறார்கள் என்பது அவர்கள் கணிப்பு: ஒரு பக்கம் போனதை நினைத்து உருகுவது, இன்னொரு பக்கம் மாறிப்போன வாழ்க்கைக்கு வேண்டிய காரியங்களைப் பார்ப்பது. காலையில் ஹெட்போனை மாட்டிக் கலங்குவதும், மத்தியானம் அந்தப் பையனோடு மைக் பற்றிப் பேசுவதும் ஒரே நாளில் நடக்கலாம். முதலாவது முழுக்க முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சோர்வு ஏன் இவ்வளவு என்று ஆச்சரியப்படுகிறீர்கள் போலிருக்கிறது, 'ஒரு காதுதானே போயிற்று' என்று. 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே என்ற இரண்டு மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத்துணையின் மரணம் 100, உடல்நலக் கேடு 53, வருமான மாற்றம் 38, வேறு தொழிலுக்கு மாறுவது 36, தூக்கத்தில் மாற்றம் 16. திருமணத்துக்கே 50 கொடுத்திருக்கிறார்கள், ஏனென்றால் நல்லதோ கெட்டதோ, பழகியது மாறினாலே உடம்புக்கும் மனசுக்கும் வேலைதான். அந்தப் பட்டியலில் எனக்குப் பெரிய மோகம் கிடையாது. ஒருவருக்கு இடி விழுந்த மாதிரி இருப்பது இன்னொருவருக்குத் தூசாக இருக்கும், மதிப்பெண்ணுக்கு அது தெரியாது. ஆனாலும் உங்கள் கணக்கைக் கூட்டிப் பாருங்கள், உடல்நலம், வருமானம், தொழில், தூக்கம் என்ற நான்கே 143 வருகிறது. வெளியே பார்த்தால் ஒரு சம்பவம், உள்ளே நான்கைந்து மாற்றம் சேர்ந்தே நடந்திருக்கிறது.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

மனதைத் திறந்து வைத்துக்கொள்வது என்றால் முகத்தில் சிரிப்போடு, எது வந்தாலும் சரி என்று உட்கார்ந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி உட்கார்ந்திருக்க என்னாலும் முடியாது. நான் அதைச் சின்னச் சின்னக் காரியங்களாகத்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் விஷயத்தில் மிகச் சின்னது ஒன்று: போனை வைப்பதற்குள் பதில் சொல்லாதீர்கள்.

வகுப்பெடுக்கும் வேலையை நீங்கள் எடைபோட்டுப் பார்த்து மறுக்கவில்லை. எத்தனை மணி நேரம், யாருக்கு, என்ன பாடம் என்று ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஒலிநாடா வேலையும் அப்படித்தான். அதை ஒத்துக்கொண்டால் மிக்ஸிங் முடிந்துபோயிற்று என்று ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும், அதனால்தான் நாக்கு முந்திக்கொண்டது என்று நினைக்கிறேன். அந்த 'வேண்டாம்' உண்மையில் கேட்காமல் போன காதுக்குச் சொன்னது. முகவரி மாறி, கூப்பிட்டவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இனி யார் கூப்பிட்டாலும், 'ஒரு வாரம் கழித்துச் சொல்கிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தில் ஒரு முறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள், அல்லது அந்த வேலையைச் செய்கிற ஒருவரோடு அரை மணி நேரம் பேசுங்கள். ஏழாம் நாள் வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், அது உங்கள் முடிவு. மறுத்த இரண்டு பேரையும் மறுபடி கூப்பிட்டு, 'அன்றைக்கு மனநிலை சரியில்லை, அந்த வேலை என்னவென்று இப்போது சொல்ல முடியுமா' என்று கேட்கலாம். அவர்களுக்கு வேறு ஆள் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் இருக்கலாம். ஒலிநாடா வேலை உங்களுக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய நாடாக்களில் பல மோனோவில் பதிவானவை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அது தெரிந்தும் நீங்கள் நின்று ஒரு கேள்வி கேட்கவில்லையே என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு காரியம். போனது என்ன என்பதைப் பிரித்து எழுதிப் பார்க்க வேண்டும். இப்போதைக்கு உங்கள் கணக்கில் மொத்தமும் போய்விட்டது, தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்கிற கணக்கு. ஒரு தாளில் மூன்று பகுதி போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு காது வேண்டிய வேலைகள். இரண்டு, ஒரு காது போதுமான வேலைகள். மூன்று, காதே வேண்டாத வேலைகள். முதல் பகுதியை எழுதும்போது வலிக்கும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை, அது இரண்டு காதுக்கும் வந்து சேர்வதில் இருக்கிற ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தை வைத்து மூளை கண்டுபிடிக்கிறது. அந்த வேலை எல்லாம் இந்தப் பகுதியில்தான் வரும், அதை மறைக்க வேண்டாம். இரண்டாவது பகுதியில் மின்சார முனகல், வாய்க்குள் விழுங்கிய சொல், 'ப' வரும்போது மைக்கில் வெடிக்கிற காற்று, மூச்சு விழுகிற இடம் எல்லாம் வரக்கூடும். மூன்றாவது பகுதிதான் நீளமாக இருக்கும் என்பது என் ஊகம். நான்காவது தடவை பாடிக்கொண்டிருப்பவருக்குத் தொண்டை கட்டத் தொடங்கிவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்து, 'தண்ணீர் குடித்துவிட்டு வாங்க' என்று சொல்வதற்கு எந்தக் காது வேண்டும்? பயந்து நடுங்கிக்கொண்டு வருகிற புதியவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைப்பதற்கு? இவற்றை வெளியாளான நான் ஊகித்துத்தான் எழுதுகிறேன். நீங்கள் எழுதினால் வேறு மாதிரி வரும். இரண்டு, மூன்று நாள் எடுத்துக்கொண்டு எழுதுங்கள்.

இப்போது அந்தப் பையன். எரிச்சலூட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எரிச்சலூட்டுகிறவனோடு யாரும் முக்கால் மணி நேரம் பேசமாட்டார்கள், ஐந்து நிமிடத்தில் போனை வைத்துவிடுவார்கள். உங்கள் கடிதம் முழுவதும் வெறும் தகவலாகப் போகிறது, 'வெறும் சுவரை ஒட்டி மைக்கை வைத்திருக்கிறான், கேட்ட உடனே தெரிந்தது' என்கிற இடத்தில் மட்டும் ஆள் உயிரோடு இருக்கிறார். அது உங்கள் கண்ணில் படவில்லை. இதை வைத்து 'ஆசிரியராகிவிடுங்கள்' என்று நான் குதிக்கப் போவதில்லை, அந்த எலிகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அடுத்த தடவை அவன் அனுப்பும்போது, கேட்பதற்கு முன் மனம் எப்படி இருக்கிறது, பேசி முடித்த பிறகு எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஒரு எண் போட்டு எழுதி வையுங்கள். நான்கைந்து தடவை சேர்ந்ததும் எடுத்துப் பாருங்கள். பிடிப்பு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது வருவதில்லை. முதலில் கை செய்கிறது, பிடிப்பு பின்னாலேயே தள்ளாடிக்கொண்டு வருகிறது. மனச்சோர்வுக்கு நாங்கள் கொடுக்கும் பயிற்சிகளில் ஒன்று முழுக்க இதை நம்பித்தான் நடக்கிறது.

பீச் பாய்ஸ் இசைக்குழுவின் பிரையன் வில்சனை உங்களுக்கு இதற்குள் பத்துப் பேராவது உதாரணம் காட்டியிருப்பார்கள். வலது காது கிட்டத்தட்டக் கேட்காமலேயே அத்தனை இசை செய்தவர். அவருக்கு அது சிறு வயதிலேயே போய்விட்டது, ஒரு காதோடுதான் தொழிலையே கற்றுக்கொண்டார். 43 வயதில், கற்றதெல்லாம் இரண்டு காதில் இருக்கும்போது போவது வேறு. அந்த உதாரணம் உங்களுக்கு உதவாவிட்டால் அதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை.

தற்செயலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழில் ஆலோசனைத் துறையில் பெரிய பெயர் ஜான் க்ரம்போல்ட்ஸ், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய நேரத்தில் ஒன்றும் புரியாமல், தன் டென்னிஸ் பயிற்சியாளரிடம் போய்க் கேட்டார். அந்தப் பயிற்சியாளர் உளவியல் பேராசிரியரும்கூட. ஆகவே உளவியல் எடுத்தார். பிற்காலத்தில், 1999-இல், தன் சகாக்களோடு சேர்ந்து, எதிர்பாராமல் நடப்பதைத் தொழில் திட்டத்துக்கு வந்த இடையூறு என்று பார்க்காமல் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். தற்செயல் தானாக வீட்டுக்குள் வந்து உட்காராது, அது நம்மேல் மோதுகிற இடத்தில் நாம் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

அந்த இடம் எது என்பதற்கும் ஒரு துப்பு உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம் 'அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்' என்று கேட்டு 1973-இல் எழுதினார். அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது என்றவர்கள் 56 பேருக்குப் பக்கம், அபூர்வமாக என்றவர்கள் 28 பேருக்குப் பக்கம். யோசித்தால் நியாயம்தான். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும், வேறு வட்டத்தில் இருப்பவருக்குத்தான் வேறு சேதி தெரியும். எட்டு மாதமாக நீங்கள் பேசுவது வீட்டாரோடும் இரண்டு மூன்று நண்பர்களோடும் என்றால், 'எல்லாம் நன்மைக்கே' தவிர வேறு எதுவும் காதில் விழாமல் போவதில் வியப்பில்லை. பழைய போன் எண்களில் இரண்டு மூன்று வருடமாகப் பேசாத ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். வேலை கேட்க வேண்டாம். நலம் விசாரித்துவிட்டு, இப்படி ஆயிற்று, இப்போது என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதை இந்த வாரமே உட்கார்ந்து எழுதிவிடுங்கள். வயிற்றுப்பாட்டுக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று இரண்டும் தனித்தனியாக ஓடினாலும் தவறில்லை. கிடைக்கிற முதல் வேலையே மீதி வாழ்க்கைக்கும் அர்த்தம் கொடுக்க வேண்டும் என்று அதன் தலையில் கட்டினால் எந்த வேலையும் தாங்காது.

மூன்று மணி விழிப்பைத்தான் நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் அப்படி விழிப்பதும், எதிலும் பிடிப்பில்லாததும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருப்பதும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. மேலே சொன்ன எந்தப் பயிற்சிக்கும் முன்னால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவையாவது வந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்றைக்கே போங்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். காது மருத்துவரிடமும் இன்னொரு முறை போய் இரண்டு விஷயம் கேளுங்கள்: அந்த இரைச்சலுக்குப் பயிற்சி உண்டா, கேட்காத பக்கத்துச் சத்தத்தைக் கேட்கிற காதுக்குக் கடத்தும் கருவி உங்களுக்கு ஒத்துவருமா. மிக்ஸிங் அதனால் திரும்பாது. பேச்சு கேட்பது சுலபமாகலாம்.

அதோடு சேர்ந்ததுதான் உங்கள் மனைவி விஷயமும். எனக்கு எழுதியதை அவரிடம் சொல்லிவிடுங்கள், வேண்டுமானால் இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன்னால், முதலில் செய்ய வேண்டியது வேறு. நீங்கள் வழக்கமாக எங்கே உட்காருகிறீர்கள், அவர் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறார் என்று கவனியுங்கள். இடது பக்கமாக இருந்தால் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். படுக்கையிலும் அப்படித்தான், வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் அவர் சொல்வது எதுவும் உங்களுக்கு எட்டாது, அவருக்கு அது தெரியாமல்கூட இருக்கலாம். எட்டு மாதமாக அவர் பேசிப் பேசி உங்களிடமிருந்து பதில் வராத பேச்சுகள் எத்தனையோ இருக்கும். 'இந்தப் பக்கம் வந்து சொல்லு, அந்தப் பக்கம் எனக்குக் கேட்காது' என்று இன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடுங்கள்.